க்ரூஸர் பைக்கின் ஹேண்டில்பார் மாற்றம்: வீட்டுப் பட்டறையின் வரம்புகள் குறித்து ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளை ஓட்டுபவரின் உடல் இருக்கை, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் ஆகிய மூன்று இடங்களில் வண்டியைத் தொடுகிறது. இவற்றுள் ஹேண்டில்பார்தான் வண்டிக்கு இடப்படும் ஆணைகளில் பெரும்பாலானவை புறப்படும் இடம். திருப்புவது, வேகம் கூட்டுவது, முன்சக்கரத்தை நிறுத்துவது, கிளட்சை விடுவிப்பது, விளக்கையும் ஹாரனையும் இயக்குவது ஆகிய அனைத்தும் அந்த ஒரு குழாயின் இரு முனைகளில் குவிந்திருக்கின்றன. உதிரிபாகக் கடைகளில் இது அழகுப் பொருள்களின் வரிசையில் தொங்கவிடப்பட்டிருப்பதால், இதை மாற்றுவது நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டும் வேலை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் அக்குழாயில் வந்து முடியும் கேபிள்கள், பிரேக் ஹோஸ், வயர்கள் எல்லாவற்றின் நீளமும் பாதையும் அதனோடு சேர்ந்தே மாறுவதால், குழாயின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவற்றை அளந்து பார்க்க வேண்டும் என்பதே இவ்வேலையின் முதல் விதி. வீட்டில் செய்யப்பட்டுத் தவறிப்போகும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றின் வேர், கை வேலையின் குறைபாட்டில் அல்ல, இந்த வரிசை தலைகீழானதில்தான் இருக்கிறது.

க்ரூஸர் என்பது தாழ்ந்த இருக்கை, முன்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், பின்னோக்கி வளைந்து ஓட்டுநரை நெருங்கி வரும் ஹேண்டில்பார் ஆகியவற்றால் அடையாளம் பெறும் வண்டி வகை. இதன் உருவம் அமெரிக்காவில், குறிப்பாக 1903இல் மில்வாக்கியில் தொடங்கிய ஹார்லி-டேவிட்சன் வண்டிகளை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குள்ள இளைஞர்கள் தம் வண்டிகளின் தேவையற்ற பாகங்களை வெட்டி எறிந்தும், பின்னர் முன் ஃபோர்க்கை நீட்டியும் ஹேண்டில்பாரை உயர்த்தியும் 'சாப்பர்' என்ற வடிவத்தை உருவாக்கினர். 1969இல் வெளிவந்த 'ஈஸி ரைடர்' திரைப்படத்தின் 'கேப்டன் அமெரிக்கா' வண்டி அவ்வடிவத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. அதை உருவாக்கிய கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற கறுப்பினக் கலைஞர்கள் இருவரின் பெயர்களும் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்தன என்பது இக்கலையின் வரலாற்றில் திருத்தப்பட வேண்டிய அநீதி. இந்தியாவில் இவ்வகை வண்டி பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ஆகியவற்றின் வழியே பழக்கமாயிற்று. சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் 2020 நவம்பரில் மீட்டியர் 350உம், 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியர் 650உம் விற்பனைக்கு வந்த பின்னர், வீட்டு முற்றத்தில் ஹேண்டில்பாரை மாற்றிப் பார்க்கும் ஆர்வம் தமிழ்நாட்டிலும் கூடியிருப்பதால், இக்கட்டுரை அவ்வண்டிகளையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

ஹேண்டில்பார் ஒன்றின் வடிவத்தை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன. கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதியிலிருந்து கிரிப் வரை உள்ள உயரம் 'ரைஸ்' எனவும், நடுப்பகுதியிலிருந்து கிரிப் முனை ஓட்டுநரை நோக்கிப் பின்வாங்கும் தொலைவு 'புல்பேக்' எனவும், இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் அகலம் எனவும் வழங்கும். ஏறத்தாழ நேர்க்குழாயாக அமைந்த 'டிராக் பார்' ரைஸ் அற்றது; அகன்று தாழ்ந்து நெடுந்தூரம் பின்வாங்குவது 'பீச் பார்'; கைகளைத் தோள் மட்டத்துக்கோ அதற்கு மேலோ கொண்டு செல்வது 'ஏப் ஹேங்கர்'. இவற்றுக்கு அப்பால் சந்தையில் வழங்கும் பெயர்கள் பல இருந்தாலும் அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், வாங்குபவர் பெயரை நம்பாமல் மில்லிமீட்டர் கணக்கையே கேட்டுப் பெற வேண்டும். வடிவம் எவ்வளவு தூரம் ஒரு வண்டியின் குணத்தை மாற்றுகிறது என்பதற்கு க்ரூஸர் அல்லாத ஓர் உதாரணம் தெளிவு தரும். ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரண்டும் ஒரே 648 சிசி என்ஜினைக் கொண்டவை. முன்னதில் அகன்று உயர்ந்த ஹேண்டில்பாரும், பின்னதில் ஃபோர்க் குழாயையே தனித்தனியாகப் பற்றும் தாழ்ந்த கிளிப்-ஆன்களும் இருப்பதே, ஒன்றை நகரத்துக்கும் நெடும்பயணத்துக்கும் மற்றதை முன்குனிந்து விரையும் ஓட்டத்துக்கும் உரியதாக்குவதில் பெரும் பங்கு வகிக்கிறது.

உடலின் தரப்பிலிருந்து பார்த்தால் நல்ல ஹேண்டில்பாருக்கு உரிய சோதனை எளிமையானது. ஓட்டுநர் தம் இயல்பான நிலையில் அமர்ந்து கண்களை மூடிக் கைகளை முன்னே நீட்டும்போது விரல்கள் தாமாகச் சென்று நிற்கும் இடத்தில் கிரிப் இருக்க வேண்டும். முழங்கை சிறிது மடங்கியிருக்க, மணிக்கட்டு மேலோ கீழோ பக்கவாட்டிலோ ஒடியாமல் முன்கையின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். மணிக்கட்டு வளைந்த நிலையில் நெடுநேரம் அழுந்தினால் உள்ளங்கை வழியே செல்லும் நரம்புகள் நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும். கைகள் இதயத்தின் மட்டத்துக்கு மேலே நெடுநேரம் நிற்கும்போது இரத்தம் மேல்நோக்கிச் செல்ல வேண்டியிருப்பதாலும், தோள் தசைகள் கையின் எடையைத் தொடர்ந்து சுமப்பதாலும் சோர்வு விரைவில் வரும். இதனோடு காற்றின் எதிர்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது வேகத்தின் இருமடி விகிதத்தில் வளர்வதால் மணிக்கு 60 கிலோமீட்டரில் மார்பில் உணரப்படும் தள்ளல் 90 கிலோமீட்டரில் இரண்டேகால் மடங்காகிறது. கைகளை விரித்து நிமிர்ந்து அமரும் ஓட்டுநர் அத்தள்ளலைச் சமாளிக்க ஹேண்டில்பாரையே இழுத்துப் பிடிக்கிறார். அந்த இழுப்பு அவர் அறியாமலே ஸ்டியரிங்குக்கு ஆணையாக மாறி வண்டியை மெல்ல அலையவைக்கிறது. உயரமான ஹேண்டில்பார் நெடுஞ்சாலையில் நிலையற்றது என்ற குற்றச்சாட்டில் பெரும்பகுதி, குழாயைவிட அதைப் பிடித்திருக்கும் கையின் இறுக்கத்தால் நேர்வது.

ஹேண்டில்பாரை மாற்றுவதால் வண்டியின் ஸ்டியரிங் வடிவியல், அதாவது ஃபோர்க்கின் சாய்வுக் கோணமும் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைப் பொறுத்த கணக்கும், மாறுவதில்லை. மாறுவது நெம்புகோலின் நீளம். 800 மில்லிமீட்டர் அகலத்தில் மையத்திலிருந்து கை 400 மில்லிமீட்டர் தொலைவிலும், 900 மில்லிமீட்டர் அகலத்தில் 450 மில்லிமீட்டர் தொலைவிலும் இருப்பதால், அதே திருப்பு விசைக்கு இரண்டாவதில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்த அழுத்தம் போதும். ஆனால் அதே 30 பாகைத் திருப்பத்துக்குக் கை நகர வேண்டிய தூரம் சுமார் 209இலிருந்து 236 மில்லிமீட்டராகக் கூடுகிறது. 241 கிலோ எடையுள்ள சூப்பர் மீட்டியர் போன்ற வண்டியை மெதுவான வேகத்தில் திருப்ப அகலம் துணை செய்யும். நெரிசலான தெருவில் அதே அகலம் இடைவெளிகளை இழக்கவைக்கும். புல்பேக் மிகுந்த குழாய்களில் வேறொரு சிக்கல் உண்டு. முழுத் திருப்பத்தில் ஒரு முனை பெட்ரோல் டேங்க்கையோ ஓட்டுநரின் தொடையையோ முட்டினால், யூ-டர்ன் எடுக்கும் கணத்தில் வண்டி கை மீறிப் போகும்.

வாங்கும்போது பொருந்த வேண்டிய முதல் அளவு குழாயின் விட்டம். உலகின் பெரும்பாலான வண்டிகளில் கிரிப் பகுதி 22.2 மில்லிமீட்டர், அதாவது எட்டில் ஏழு அங்குலம். ஹார்லி வண்டிகளில் பெரும்பாலும் 25.4 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். ஒன்றுக்கு உரிய ஸ்விட்ச் பெட்டியும் லீவர் பிடியும் மற்றதில் ஏறா. கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி 22.2, 25.4, 28.6, 31.8 மில்லிமீட்டர் என வேறுபடுவதால் அதையும் தனியே அளக்க வேண்டும். விட்டம் குறைந்த குழாயைத் தகரத் துண்டு வைத்துப் பெரிய கிளாம்பில் இறுக்குவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. நடுப்பகுதியில் சொரசொரப்பாகக் கீறி விடப்பட்டிருக்கும் 'நர்லிங்' என்ற பரப்பு, குழாய் கிளாம்புக்குள் சுழலாமல் தடுப்பதற்காக உள்ளது. இதன் அவசியம் ரைஸ் கூடக்கூடப் பெருகுகிறது. 150 மில்லிமீட்டர் உயரத்தில் 200 நியூட்டன் விசையோடு இழுத்தால் கிளாம்பில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது, 300 மில்லிமீட்டர் உயரத்தில் அதே இழுப்பு 60 நியூட்டன் மீட்டராகிறது. பொருளைப் பொறுத்தவரை க்ரூஸருக்கு எஃகே ஏற்றது. எஃகு வளைந்து தன் சேதத்தைக் கண்ணுக்குக் காட்டும். அலுமினியம் எடை குறைந்ததாயினும், ஒருமுறை விழுந்து வளைந்ததை நிமிர்த்திப் பயன்படுத்தினால் உள்ளே தோன்றிய வெடிப்பால் பின்னொரு நாளில் முன்னறிவிப்பின்றி முறியும்.

இனி இவ்வேலையின் மையமான நீளக் கணக்குக்கு வரலாம். தொழிற்சாலையில் பூட்டப்பட்ட கேபிள்களும் ஹோஸும் பழைய ஹேண்டில்பாருக்கு ஏற்பச் சிறிதளவு தளர்ச்சியோடு வெட்டப்பட்டவை. புதிய குழாயின் ரைஸ் பழையதைவிட எவ்வளவு கூடுகிறதோ அதையும், கைப்பிடி எவ்வளவு பின்னுக்குப் போகிறதோ அதையும் கூட்டினால் தேவைப்படும் கூடுதல் நீளத்தின் தோராயம் கிடைக்கும். அத்தோராயத்தை நம்பிக் கேபிள் வாங்குவது தவறு. ஹேண்டில்பாரைத் தற்காலிகமாக வைத்து, ஸ்டியரிங்கை அந்தக் கேபிளுக்கு மிக நீண்ட பாதை அமையும் பக்கம் முழுவதும் திருப்பி, லீவரிலிருந்து என்ஜின் முனை வரை ஒரு தடித்த வயரை உண்மையான பாதையிலேயே ஓடவிட்டு அளப்பதே சரியான முறை. நீளம் குறைந்தால் திருப்பத்தில் கேபிள் இழுபடும். மிகுந்தால் வளையமாகப் புடைத்து ஃபோர்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நசுங்கும். இவ்விரண்டில் பின்னதே கவனத்துக்குத் தப்புவது, ஏனெனில் நின்ற நிலையில் அது ஒழுங்காகவே தோன்றும்.

கிளட்ச் கேபிளில் வளைவுகளின் விளைவு பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. உறைக்குள் ஓடும் கம்பி ஒவ்வொரு வளைவிலும் உறையின் சுவரில் அழுந்துகிறது, அந்த உராய்வு வளைவுகளின் மொத்தக் கோணத்தோடு அடுக்கு விகிதத்தில் பெருகுகிறது. உராய்வு எண் 0.1 என்று கொண்டால், மொத்தம் 90 பாகை வளையும் கேபிளில் லீவரை இழுக்க ஏறத்தாழ 17 விழுக்காடும், 180 பாகை வளைந்தால் 37 விழுக்காடும் கூடுதல் விசை தேவைப்படும். புதிய ஹேண்டில்பார் பொருத்திய பின் கிளட்ச் கனத்துவிட்டது என்று கேபிளுக்கு எண்ணெய் விடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பாதையைத்தான்.

ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு வேறு வகையான கவனம் வேண்டும். மீட்டியர் 350இல் ஃபியூவல் இன்ஜெக்ஷன் இருந்தபோதிலும் கிரிப்பின் சுழற்சியை என்ஜினுக்குக் கொண்டு செல்வது கேபிளே. அதன் நீளம் போதாமல் போனால் இடப்பக்கமோ வலப்பக்கமோ முழுவதும் திருப்பும்போது உறை இழுபட்டுத் த்ராட்டில் தானே திறந்துகொள்ளும். மெதுவாகத் திரும்பும் வண்டி திடீரென்று பாயும். ஆகவே என்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் திருப்பி, என்ஜினின் ஒலியில் சிறு மாற்றமும் இல்லை என்று உறுதி செய்யும் சோதனை இந்த வேலை முழுவதிலும் தவிர்க்கவே முடியாதது. கிரிப்பை முறுக்கி விட்டவுடன் எந்தத் திருப்பத்திலும் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். 2008 முதல் ஹார்லியின் டூரிங் வகை வண்டிகளில் வந்தது போன்ற மின்னணு த்ராட்டிலில் கேபிளே கிடையாது. கிரிப்பின் சுழற்சியை ஒரு சென்சார் அளந்து மின்சைகையாக அனுப்புகிறது. அங்கே கேபிளின் இடத்தில் வயரை நீட்டும் வேலையும், சென்சார் அமரக்கூடிய உட்புற அமைப்புள்ள ஹேண்டில்பாரைத் தேடும் வேலையும் வந்து சேரும்.

முன் பிரேக் இவை எல்லாவற்றிலும் கனமான பொறுப்பு. ஹேண்டில்பாரின் வலப்புறம் உள்ள மாஸ்டர் சிலிண்டர் என்ற சிறு பம்பு, லீவரின் அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியே சக்கரத்தின் காலிப்பருக்குக் கொண்டு செல்கிறது. பழைய ஹோஸ் போதுமானதாக இருந்தால் இந்தச் சுற்றைத் திறக்கவே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரைக் கவிழவிடாமல், நிமிர்ந்த நிலையிலேயே ஒரு துணியில் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டு வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டினால் காற்று உள்ளே புகாது. ஹோஸ் எட்டவில்லை என்றால் புதிய ஹோஸ் வாங்க வேண்டும். இணைப்புத் துண்டு வைத்துப் பழையதை நீட்டுவது சந்தையில் கிடைத்தாலும், ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் கசிவுக்கான இன்னோர் இடம் என்பதால் அதைப் பரிந்துரைப்பதற்கில்லை. உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே துருப்பிடிக்காத எஃகுப் பின்னலும் கொண்ட ஹோஸ் அழுத்தத்தில் குறைவாகவே புடைப்பதால், நீளம் கூடும்போது லீவர் மெத்தென்று ஆகாமல் காக்கும். ஹோஸின் முனையைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள 'பேன்ஜோ போல்ட்'டின் இருபுறமும் வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கி அடைத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. கழற்றும் ஒவ்வொரு முறையும் புதியவை போட வேண்டும். ஃபோர்க் முழுவதும் நீண்ட நிலையிலும் முழுவதும் அமுங்கிய நிலையிலும் ஹோஸ் டயரையோ மட்கார்டையோ தொடக்கூடாது.

பிரேக் ஆயில் விஷயத்தில் மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் வகையை மாற்றக்கூடாது. டாட் 4 எனப்படும் கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தர வரையறையின்படி புதியதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 பாகை. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் உண்டாகும் ஆவி அமுங்கும் தன்மையது என்பதால் லீவர் வெறுமனே கிரிப்பைத் தொட்டுவிடும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்றக்கூடாது என்று சொல்வதன் காரணம் இதுவே. சிலிகான் வகையான டாட் 5 ஆயிலை இதனோடு கலக்கவே கூடாது. எண் அடுத்ததாக இருப்பதால் அதை மேம்பட்ட டாட் 4 என்று நினைப்பது ஆபத்தான குழப்பம். கிளைக்கால் ஆயில் பெயின்ட்டைக் கரைப்பதால் டேங்க்கின் மேல் தடித்த துணியும் அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டபின்பே மூடியைத் திறக்க வேண்டும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

சுற்றைத் திறந்தபின் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது 'ஏர் எடுப்பது' என்று மெக்கானிக்குகள் சொல்லும் வேலை. லீவரைச் சிலமுறை அழுத்திப் பிடித்து, காலிப்பரின் நிப்பிளைச் சற்றே திறந்து ஆயிலும் குமிழும் வெளியேறியதும், லீவரை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் வெளியேறிய காற்று திரும்ப உறிஞ்சப்படும். சாதாரண வண்டியில் இதைப் பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்துவிடலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியின் நிலை வேறு. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், இன்றைய க்ரூஸர் எதுவும் இந்நிலைக்கு விலக்கல்ல. ஆயில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முதலில் ஏபிஎஸ் மாடுலேட்டருக்கும் அங்கிருந்து காலிப்பருக்கும் செல்கிறது. மாடுலேட்டரின் உள்வால்வுகளுக்குள் காற்று சிக்கிக்கொண்டால், அவ்வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கண்டறி கருவி இல்லாமல் அதை முழுவதும் வெளியேற்ற இயலாமல் போகலாம். அக்கருவி சர்வீஸ் மையங்களில் உள்ளது, வீடுகளில் இல்லை. வீட்டு வேலையின் எல்லைக்கோடு இந்த இடத்தில்தான் விழுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

வயரிங் குறித்த அச்சம் மிகுதி, உண்மையான ஆபத்து ஓரளவே. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்கினால் ஷார்ட் ஆவதற்கு இடமில்லை. நீளம் போதாத வயரை அதே தடிமனுள்ள வயரால் நீட்டி, இணைப்பின்மேல் வெப்பத்தால் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். இணைப்புகள் எல்லாம் ஓரிடத்தில் விழுந்தால் அங்கே கட்டு பருத்து வளைய மறுக்கும் என்பதால் அவற்றை முன்பின்னாக அமைப்பது நல்லது. வயர்களைக் குழாய்க்குள் ஓட்டி மறைப்பது தோற்றத்துக்கு மிக அழகானது. அதற்கெனத் துளையிட்டு விற்கப்படும் ஹேண்டில்பாரில் மட்டுமே அதைச் செய்யலாம். வளைவிலோ கிளாம்புக்கு அருகிலோ வீட்டு டிரில்லால் துளைப்பது குழாயின் மிகுந்த அழுத்தம் தாங்கும் இடத்தையே பலவீனமாக்கும். துளையின் விளிம்பு அரத்தால் வழவழப்பாக்கப்பட்டு ரப்பர் வளையம் போடப்படாவிட்டால், அதிர்வில் வயரின் உறை தேய்ந்து சில மாதங்களில் பழுது தோன்றும்.

இவை முடிந்தபின் எஞ்சும் பூட்டும் வேலை ஒப்பளவில் குறைவே. பழைய அமைப்பைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கேபிளும் எதன் முன்னே எதன் பின்னே போகிறது என்பதைப் பல கோணங்களில் புகைப்படம் எடுத்துக்கொள்வது பெரும் உதவி. ஸ்விட்ச் பெட்டிக்குள் உள்ள சிறு முளை, ஹேண்டில்பாரின் ஒரு துளைக்குள் அமர்ந்து பெட்டி சுழலாமல் தடுக்கிறது. புதிய குழாயில் அத்துளை இல்லாதபோது முளையை அரத்தால் தேய்த்து நீக்கிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது தவறான சிக்கனம். ஆக்ஸிலேட்டர் பெட்டி கழன்று சுழன்றால் கை முறுக்கும் அளவுக்கும் என்ஜின் பெறும் அளவுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எல்லாவற்றையும் தளர்வாகப் பூட்டி, அமர்ந்து பார்த்து, கோணம் முடிவான பின்பே முளைக்குரிய துளையைச் சரியான விட்டத்தில் இட வேண்டும். கிளாம்ப் மூடியில் முன்பக்கத்தைக் காட்டும் குறி இருந்தால் அதை மதிக்க வேண்டும். சில வண்டிகளில் முன்போல்ட்டுகளை முதலில் முழுவதும் இறுக்கி இடைவெளியைப் பின்பக்கம் விட வேண்டும், வேறு சிலவற்றில் இருபுறமும் சம இடைவெளி வேண்டும். இதை அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேடே சொல்ல வேண்டும். இறுக்கும் அளவும் அக்கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் தரப்பட்டிருக்கும். போல்ட்டில் எவ்வளவு முறுக்கு விழுகிறது என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக்கூடாது. கிரிப்பின் முனையில் உள்ள எடைக்கட்டிகளைத் தோற்றத்துக்காக நீக்குவோர் உண்டு. அக்கட்டிகள் குழாயின் அதிர்வைத் தணிப்பதற்காக வைக்கப்பட்டவை என்பதால், நீக்கிய பின் விரல் நுனியில் தோன்றும் விறுவிறுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த வேளையிலேயே முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, 'கோன் செட்' எனப்படும் ஸ்டியரிங் பேரிங்கில் தளர்ச்சியோ நடுவில் கொக்கிப் பிடிப்போ உள்ளதா என்று பார்த்துவிடுவது நல்லது. பழுதான கோன் செட்டைப் புதிய ஹேண்டில்பாரின் குற்றமாக எண்ணி அலைந்தவர் பலர்.

வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் எல்லா ஸ்விட்சுகளையும் இரு முழுத் திருப்பங்களிலும் இயக்கிப் பார்த்து, பிரேக் விளக்கு எரிகிறதா, கில் ஸ்விட்ச் என்ஜினை அணைக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பிரேக் லீவரை அரை நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்திருந்தால் அது மெல்ல உள்ளே இறங்கக்கூடாது. முதல் ஓட்டம் வெற்றுத் திடலில் நடைவேகத்தில் தொடங்கி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்குப் பின் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும்.

சட்டத்தின் தரப்பு நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநில வாகனச் சட்டம், அமர்ந்த ஓட்டுநரின் கைகள் அவர் தோள் மட்டத்துக்கு 6 அங்குலத்துக்கு மேலே போகும் ஹேண்டில்பாரைத் தடை செய்கிறது. உயரத்துக்கு அளவுகோல் வகுத்ததால் அங்கே எது குற்றம் என்பதில் ஐயமில்லை. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அவ்வாறு பாகம் பாகமாகப் பேசாமல், பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று பொதுவாகச் சொல்கிறது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின்மீதான மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவுக்குக் கண்டிப்பான பொருளே தந்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஹேண்டில்பாரின் வடிவம் பதிவுச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை என்ற வாதம் வலுவானதே; ஆனால் அவ்வாதத்தைச் சாலையோரத்தில் நின்று நிறுவ வேண்டிய நிலை ஓட்டுநருக்கு உகந்ததல்ல. மாற்றத்தின் அளவுக்குத் தெளிவான வரம்பு வகுத்து, அதற்குள் அடங்குவதை அனுமதிக்கும் விதியை அரசு கொண்டுவருவதே நேர்மையான தீர்வு. அதுவரை, தயாரிப்பாளரே அந்த வண்டிக்கென விற்கும் ஹேண்டில்பார் இருந்தால் அதைத் தேர்வதும், செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவதும் விபத்துக்குப் பின் எழக்கூடிய தகராறுகளைக் குறைக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, முதன்முறையாக வீட்டில் இவ்வேலையில் இறங்குவோர், ஏற்கெனவே உள்ள கேபிள்களும் பிரேக் ஹோஸும் எட்டக்கூடிய சிறு ரைஸ், சிறு புல்பேக் கொண்ட ஹேண்டில்பாரையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதுகும் மணிக்கட்டும் கேட்கும் மாற்றம் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஏப் ஹேங்கர் போன்ற உயரத்தை விரும்புவோர், கேபிள், ஹோஸ், வயர் ஆகிய அனைத்தையும் புதிதாக வாங்குவதற்கான செலவையும், பிரேக் சுற்றை மட்டும் ஏபிஎஸ் கருவி உள்ள சர்வீஸ் மையத்தில் முடித்துக்கொள்வதற்கான ஒரு நாளையும் ஒதுக்கிய பின்பே பழைய கிளாம்பின் முதல் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஹேண்டில்பாரையும் அதன் கேபிள்கள், ஹோஸ், எடைக்கட்டிகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். வண்டியை விற்கும்போதும், வாரண்டி கோரும்போதும், அதிகாரிகள் பழைய நிலைக்குத் திருப்பச் சொல்லும்போதும் அவை தேவைப்படும்.